அம்பு முத்தி

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடு மக்களே. ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எனக்குத் தூசி ஆகாது. பார், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த உடனே ஆரம்பித்துவிட்டது. இது ஒன்றுமில்லை, நீ பயப்படாதே. தூசி இருமல். சளி இருமல் என்றால் அதன் சத்தமே வேறு.

நாகர்கோவில்தானே போகிறாய்? நானும் அங்கேதான். ஆஸ்பத்திரிக்கு. மடியில் இருக்கிறதே, இந்த ஃபிளாஸ்க், இதில் கஞ்சி. பொடியரிசிக் கஞ்சி, சீரகம் தட்டிப்போட்டது. என் வீட்டுக்காரருக்கு. அவர் வேறு யார் கைக் கஞ்சியும் குடிக்கமாட்டார். அப்படித்தான் போன வாரம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெர்னதெத் டீச்சரை உனக்குத் தெரியுமா? தெரியாதா. நீ கொடுத்துவைத்தவள்.

எங்கள் ஊர்க் கோவில் செபஸ்தியார் கோவில். முன்னொரு காலத்தில் காலரா வந்து வீட்டுக்கு வீடு சவப்பெட்டி போனதாம், செபஸ்தியார்தான் தடுத்து நிறுத்தினாராம். அவரை அம்பு எய்து கொல்லப் பார்த்தார்கள் இல்லையா, அதனால் நன்றிக்கு ஒரு வெள்ளி அம்பு செய்து கோவிலுக்குக் கொடுத்தார்கள். ஜனவரியில் திருவிழா. கடைசி நாள் திருப்பலி முடிந்ததும் அம்பு முத்தி. அம்பை ஒருத்தர் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நிற்க, ஊர் மொத்தமும் வரிசையில் வந்து அதன் நுனியில் முத்தம் கொடுக்கவேண்டும். கொடுத்தால் அந்த வருஷம் நோய் அண்டாது. வெளிநாட்டில் இருப்பவன்கூட இந்த ஒரு முத்தத்துக்காக லீவு போட்டு வருவான்.

அம்பைப் பிடிக்கிற உரிமை பெர்னதெத் வீட்டுக்கு. அவள் அப்பா பிடித்தார், தாத்தா பிடித்தார், இப்போது அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று இவள் பிடிக்கிறாள். ஒரு கையில் அம்பு, மறு கையில் சிவப்புப் பட்டுத்துணி. ஒருத்தர் முத்தம் கொடுத்ததும் ஒரு துடை. அடுத்தவர் வருவார். மறுபடி ஒரு துடை. அதே துணி! மூக்கு ஒழுகுகிற பிள்ளை, வெற்றிலை போட்ட கிழவன், நேற்று ஃபிளைட்டில் வந்து இறங்கியவன், எல்லோருடைய எச்சிலும் அந்த ஒரே துணியில். நினைத்துப் பார். இல்லை, நினைக்காதே, நீ இன்னும் சாப்பிட்டிருக்கமாட்டாய்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். யூனிஃபார்மில் கைக்குட்டையை ஊக்கு குத்தித்தான் உள்ளே விடுவார்கள். தும்மினால் கைக்குட்டை, இருமினால் கைக்குட்டை. மறந்து கையால் மூடினால் மதர் ஸ்கேலால் அதே கையில் ஒன்று போடுவார். சுத்தம் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. பெர்னதெத் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆனால் பார், டீச்சரானது அவள். என்னைப் பன்னிரண்டு முடித்த கையோடு கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. சும்மா சொன்னேன்.

போன வருஷத் திருவிழாவில் என்ன நடந்தது, கேள்.

நான் வரிசையில் நிற்கிறேன். புதுப் பட்டுப்புடவை. எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வில்ஃப்ரட், அவருக்குப் பின்னால் பாதி ஊர். என் முறை வந்தது. குனிந்தேன். அம்பு என் உதட்டிலிருந்து ஒரு விரல் தூரத்தில். அந்த நேரம் பார்த்துச் சாம்பிராணிப் புகை தொண்டையில் ஏறி, ஒரு இருமல் வந்தது. ஒரே ஒரு இருமல், மக்களே. சரி, இரண்டு என்று வை. அவ்வளவுதான், அவள் அம்பை மேலே தூக்கிவிட்டாள். நாய் வாய் வைக்க வந்த சோற்றுத் தட்டைத் தூக்குகிற மாதிரி!

"ஜெசிந்தாக்கா, ஒங்களுக்கு சொகமில்ல போல. கும்பிட்டா போரும்."

எத்தனை பேர் முன்னால்! அவள் மெதுவாகத்தான் சொன்னாள் என்று வில்ஃப்ரட் இன்றைக்கும் சாதிக்கிறார். அவருக்குக் காது மந்தம். எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. இல்லையென்றால் அடுத்த நாள் மீன் சந்தையில் ஒருத்தி சாளை விலையை நான் குறைத்துக் கேட்டதும், "வாங்காண்டாம்க்கா, கும்பிட்டா போரும்" என்று எப்படிச் சொல்லுவாள்? சந்தையே சிரித்தது. நான் சாளையும் வாங்கவில்லை, சாவாளையும் வாங்கவில்லை, நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது போகட்டும் என்று விட்டிருப்பேன். விடுகிற ஆள்தான் நான். ஆனால் அந்த வாரமே வில்ஃப்ரட்டுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கிவிட்டது. நிமோனியா. ஏற்கெனவே அவருக்கு இழுப்பு. பிழைத்து எழுந்ததே பெரிய காரியம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு வாட்டி இப்படி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. கூட்டத்துக்குள்ள விடாதீங்க. இருமுற யாரையும் பக்கத்துல அண்டவிடாதீங்க."

எங்கிருந்து வந்திருக்கும்? அவர் அம்பு முத்தி செய்தார். அந்தத் துணி தொட்ட அம்பு. வேறு எங்கிருந்து வரும்? வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். மகன் மஸ்கட்டில்.

அன்றைக்கே செபஸ்தியார் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். எனக்குக் கிடைக்காத அம்பு இனி இந்த ஊரில் எவள் வாய்க்கும் கிடைக்கக்கூடாது.

ஒரு வருஷம் காத்திருந்தேன். நான் சண்டைக்காரி இல்லை, படித்தவள். பேப்பரில் வருகிற ஃப்ளூ செய்தியை எல்லாம் வெட்டிவைத்தேன். மழை முடிந்ததும் பக்கத்து ஊர்களில் காய்ச்சல் பரவ ஆரம்பித்தது. சுகாதார ஆய்வாளர் வந்து, திருவிழாக் கூட்டத்தில் கவனமாக இருங்கள் என்று பங்குப்பேரவையில், அதுதான் கோவில் நிர்வாகக் கூட்டத்தில், பேசிவிட்டுப் போனார். அவர் வெளியே போய் வண்டியை எடுப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"ஃபாதர், அம்பு முத்தியை நிப்பாட்டணும்."

ஃபாதர் கில்பர்ட் சின்னப் பையன், குருப்பட்டம் வாங்கி வந்த ஈரம் இன்னும் காயவில்லை. "அது பரம்பரை பரம்பரையா வர்ற வழக்கம் அம்மா, சனங்க ஒத்துக்குவாங்களா?" என்றார்.

"அடுத்த வருசம் வழக்கம் இருக்கும் ஃபாதர், முத்தம் குடுக்க சனம் இருக்காது" என்றேன்.

பெரியவர் ஒருத்தர் குதித்தார். செபஸ்தியார் நோயைத் தீர்ப்பவரா, கொடுப்பவரா என்று கேட்டார். "செபஸ்தியார் தரமாட்டார், ஒங்க எச்சில் தரும்" என்று நான் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெர்னதெத் மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். எனக்குள் தேன் இறங்கியது.

கேட்டதெல்லாம் நடந்தது. அம்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது, சனங்கள் தள்ளி நின்று கும்பிடுவது. நற்கருணை அப்பம் நாக்கில் கிடையாது, கையில்தான். பூசையில் ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லும்போது கை குலுக்கக்கூடாது. எல்லோருக்கும் மாஸ்க். ஏசி கிடையாது, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கவேண்டும். அந்த ஏசியைப் போட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? பெர்னதெத்தின் சித்தப்பா. அதையும் நிறுத்தியாகிவிட்டது. வாசலில் ஒரு போர்டு, என் கையெழுத்தில், கான்வென்ட் கையெழுத்து: 'இருமல், சளி, காய்ச்சல் உள்ளவர்கள் தயவுசெய்து வீட்டிலிருந்தே செபிக்கவும்.' சுகாதாரக் குழுத் தலைவி யார்? நான்தான். என் கையில் மைக்.

வில்ஃப்ரட்டை நான் திருவிழாவுக்கு அழைத்துப் போகவில்லை. கொடியேற்றத்திலிருந்தே வீட்டை விட்டு இறக்கவில்லை. பேப்பர் போடுகிறவனைக்கூட கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். அறைக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, அவரை உள்ளே வைத்து, நான் ஒருத்தி மட்டும் போய் வந்தேன். கஞ்சியை நானே ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தேன். சூடாகக் குடித்தால் அவருக்கு நாக்கு பொத்துவிடும், குழந்தை மாதிரி. ராத்திரி நெஞ்சுக்குத் தைலம் தேய்த்து, பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். எந்தப் பெண்டாட்டி இப்படிப் பார்ப்பாள், சொல்?

கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் எனக்கு இந்தத் தூசி தொந்தரவு வந்தது. கோவில் ஜன்னல்கள் ஏசி வந்த நாளிலிருந்து திறக்காமல் கிடந்தவை. நின்று திறக்கவைத்தது நான் அல்லவா? உடம்பு லேசாகச் சுட்டது. வெயிலில் நின்றால் யாருக்கும் சுடும். வில்ஃப்ரட் சொன்னார், "ஜெசி, ஒன் போர்டை நீயே ஒருக்கா படிச்சுப் பாரு. வீட்ல இரேன்." இந்த மனுஷருக்கு எப்போதும் அவள் பக்கம்தான் பேச்சு. ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு, அவள் வெறுங்கையோடு நிற்கிற காட்சியை நான் லோக்கல் கேபிள் டிவியில் பார்க்கவேண்டுமா? ஒரு மாத்திரை போட்டேன், வாயில் மிளகும் கற்கண்டும் அடக்கினேன், போனேன்.

கோவில் நிறைந்து வழிந்தது. பெர்னதெத் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். மாஸ்க் போட்டிருந்தாள். கையில் அம்பு கிடையாது, துடைக்க வேலையும் கிடையாது. பட்டுத்துணியை மட்டும் மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் மெல்ல அவள் பக்கத்தில் போனேன். அந்த முகத்தை, மாஸ்க்குக்கு மேலே தெரிகிற கண்ணையாவது, கிட்டத்தில் பார்க்கவேண்டாமா?

அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"நல்ல காரியம் செஞ்சியக்கா. இத நான் ரெண்டு மூணு வருசமா ஃபாதர்மாருட்ட சொல்லிட்டு இருக்கேன். அம்புக்காரியே சொல்லுகாளேன்னு ஒருத்தரும் காதுல போடல்ல. நீங்க சொன்னதும் நடந்துட்டு."

எப்படி இருக்கும் எனக்கு? வலிக்கவேண்டிய இடத்தில் அவளுக்கு வலிக்கவில்லையே! ஒரு வருஷம் தீட்டிவைத்த கத்தியை நீட்டினால் அவள் அதை வாங்கிப் பழம் நறுக்குகிறாள். நன்றி வேறு சொல்லுகிறாள். பாசாங்கு. பாசாங்குதான், வேறென்ன? உரிமை போனால் யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் படமாட்டேன்.

அந்த நேரம் செபஸ்தியார் கண் திறந்தார். சாம்பிராணித் தட்டு அவள் பக்கம் போனது. அவள் தொண்டையைக் கனைத்தாள். பிறகு ஒரு இருமல். மாஸ்க்குக்குள்தான், முழங்கையை வைத்து. ஆனால் இருமல் இருமல்தானே? விதி விதிதானே? நான் மைக்கை எடுத்தேன். மாஸ்க் போட்டுக்கொண்டு மைக்கில் பேசினால் கரகர என்று ஒன்றும் புரியாது, அதனால் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க அப்படித்தான்.

"பெர்னதெத் டீச்சர், ஒங்களுக்கு சொகமில்ல போல. தயவுசெஞ்சு வெளிய போயிருங்க. வீட்ல இருந்து கும்பிட்டா போரும்."

ஃபாதர் பீடத்திலிருந்து என்னைப் பார்க்கிறார், பாட்டுக்குழுப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள். அவள் பட்டுத்துணியைப் பெட்டி மேல் வைத்தாள், கும்பிட்டாள், நடு வழியாக நடந்து வெளியே போனாள். வீட்டுக்கும் போகவில்லை. திருப்பலி முடிகிற வரைக்கும் கொடிமரத்துப் பக்கம் காற்றில் தனியாக நின்றாள். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது அல்லவா, எனக்கு நன்றாகத் தெரிந்தது. மக்களே, அந்த வருஷம் முழுக்க நான் தூங்காத தூக்கத்தை அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

அவள் வெளியே போனபிறகு அன்றைக்கு முழுக்க எனக்கு ஓய்வே இல்லை. மைக்கில் அறிவிப்பேன், அதையே ஃபாதரிடம் நீட்டுவேன், அவர் செபம் சொல்லிப் பாட்டுக்குழுவுக்குக் கொடுப்பார், திரும்ப என்னிடம் வரும். தள்ளி நில்லுங்கள் என்று ஒவ்வொருத்தர் காதிலும் போய்க் கத்தினேன். அந்த வெடிச் சத்தத்தில் மூஞ்சிக்கு நேராகப் போய்ச் சொன்னால்தானே கேட்கும்? தொண்டை கிழிந்துவிட்டது. ஊர் நன்மைக்காக.

இந்தத் தண்ணீரைக் கொஞ்சம் பிடி, ஒரு மடக்கு குடித்துக்கொள்கிறேன். நீயும் குடிக்கிறாயா? வேண்டாமா. சரி.

அந்த வாரம் முடியவில்லை. முதலில் ஃபாதர் கில்பர்ட் படுத்தார். அப்புறம் பாட்டுக்குழு, ஒருத்தர் பாக்கியில்லாமல். அப்புறம் வாசலில் என்னோடு நின்ற குழுக்காரிகள். அப்புறம் ஊர். அவ்வளவு பாதுகாப்பு செய்தும்! எனக்குத் தலை சுற்றியது. ஆனால் ஒன்று மட்டும் விளங்கியது. நீயே யோசித்துப் பார். ஊரில் இத்தனை பேருக்கு வந்ததே, ஒருத்திக்கு மட்டும் வரவில்லை. யாருக்கு? பெர்னதெத்துக்கு. குண்டுக்கல் மாதிரி இருக்கிறாள். ஏன் வரவில்லை? அதுதான் கேள்வி. கோவிலில் இருமியது அவள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் தப்பித்துக்கொண்டாள். பழி வாங்கிவிட்டாள் என்னை.

பிறகு வில்ஃப்ரட். வாசல்படி தாண்டாத மனுஷர்! திருவிழா நேர்ச்சை ரொட்டியைப் பெர்னதெத் எங்கள் கேட்டில் தொங்கவிட்டுப் போயிருந்தாள், பொட்டலமாக, தொடாமல் கம்பியில் மாட்டிவிட்டு. அதில்தான் வந்திருக்கவேண்டும். அவர் அதைச் சாப்பிடவில்லைதான், நான்தான் சாப்பிட்டேன். ஆனால் வீட்டுக்குள் வந்ததே? ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மூச்சு இழுத்து இழுத்து என்னிடம், "ஜெசி... நீயும் ஒண்ணு... போட்டுக்கோ" என்றார். எதை என்று சொல்லவில்லை. சுவெட்டரைத்தான் சொல்லியிருப்பார், பனிக்காலம் அல்லவா? அந்த நிலைமையிலும் என்மேல் எவ்வளவு அக்கறை பார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?" கிடையாது டாக்டர், நாங்கள் இரண்டே பேர்தான் என்றேன். சொல்லி முடிக்கவில்லை, அந்த ஃபினாயில் நாற்றம் தொண்டையில் ஏறிவிட்டது. டாக்டர் என்னையே பார்த்தார். நர்ஸ் ஒரு மலையாளத்துப் பெண், என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டாள். "சேச்சி உள்ள வரண்டா. வேற ஆள் உண்டெங்கில் பறயு" என்று சொல்லிவிட்டாள். நான் உள்ளே வரக்கூடாதாம், வேறு ஆள் இருந்தால் சொல்லவேண்டுமாம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வில்ஃப்ரட் என்னைப் பார்த்து, மூஞ்சியில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். குத்துகிறது போல. பாவம்.

வேறு ஆளுக்கு எங்கே போவேன்? மகனுக்கு லீவு இல்லை. ஊரே படுக்கையில். யாரோ ஃபாதருக்குச் சொல்லி, அவர் படுத்துக்கொண்டே ஃபோன் போட்டிருக்கிறார். யாருக்கு? ஊரில் நல்லபடியாக நடமாடுகிற ஒரே ஆளுக்கு.

ஆமாம் மக்களே. அவள்தான். மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு என் புருஷன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் ஃபிளாஸ்க் கஞ்சியை வாசலில் வாங்கி, ஸ்பூனால் கிளறிக் கிளறி ஆற்றி, அவள் கொடுக்கிறாள். ஊதக்கூடாதாம். அவர் குடிக்கிறார்! நேற்று காய்ச்சல் இறங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் எந்தத் தொற்றும் வராமல் பார்த்துக்கொண்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னாராம். அவளிடம் சொன்னாராம். அவள் வெளியே வந்து, ஆறடி தள்ளி நின்று, எனக்குச் சொன்னாள். "கவலப்படாதீங்கக்கா, நான் பாத்துக்கிடுகேன். நீங்க வீட்ல இருந்து செபிச்சா போரும்."

போரும்! கேட்டாயா? மறுபடியும் போரும்!

இன்றைக்கு நான் விடப்போவதில்லை. பழைய நர்ஸ் இன்றைக்கு டியூட்டியில் இல்லை, விசாரித்துவிட்டேன். மாத்திரை போட்டாயிற்று, இருமல் மருந்து அரை பாட்டில் குடித்தாயிற்று. வாசலைத் தாண்டுகிற வரைக்கும் ஒரு இருமல் வராது என் வாயிலிருந்து. தொண்டையைக் கடித்துக்கொண்டாவது போவேன். உள்ளே போய், எல்லோரும் பார்க்க அவள் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கி, நீ வெளியே போய்க் கும்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டு, அவர் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நானே பழையபடி ஊதி ஊதி...

இரு, இரு. இந்தப் பாழாய்ப்போன தூசி.

அப்பாடா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன, துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டாயா? சரியாகச் செய்தாய். அந்த ஷட்டரை ஏன் தூக்குகிறாய், பரவாயில்லை, தூக்கு. காற்றும் வேண்டும்தான். நான் போர்டில் எழுதினதும் இதைத்தானே? சொல்லாமலே புரிந்துகொள்கிறாய் பார். உன்னை மாதிரி நாலு பேர் எங்கள் கோவில் பங்கில் இருந்திருந்தால், என் வீட்டுக்காரர் இன்றைக்கு அந்தக் கட்டிலில் கிடக்கமாட்டார்.

வருகிறேன் மக்களே, என் ஸ்டாப் வந்துவிட்டது. கஞ்சி ஆறுவதற்குள் போகவேண்டும்.